தவணை முடியும், ஹக் முடியாது

 

 

பள்ளிவாசலுக்கு வந்து ஆலோசனை கேட்கும் மக்களிடம் சமீப காலமாக ஒரு சொல்லை அடிக்கடிக் கேட்க முடிகிறது. "ஹஜ்ரத், தீர்ப்பு எங்களுக்கு எதிரா வந்துடுச்சு. அப்பீல் போகலாம்னு இருந்தோம். இப்போ நாள் முடிஞ்சு போச்சாம்." சிலருக்கு அத்தாவின் வீட்டு வழக்கு. சிலருக்கு வேலித் தகராறு, பாதைத் தகராறு. சில சகோதரிகளுக்கு வாரிசுப் பங்கு. உழைத்த காசைப் போட்டு வழக்கு நடத்தியிருப்பார்கள். பல வருடம் வாய்தாவுக்கு வாய்தா அலைந்திருப்பார்கள். தீர்ப்பு வந்த பிறகு இருந்த சில வாரங்களில் அசந்துவிட்டார்கள், கதவு மூடிவிட்டது.

இது வக்கீல் பேச வேண்டிய விஷயம், மிம்பரில் எதற்கு என்று யாராவது நினைக்கலாம். மனிதர்களின் ஹக் சம்பந்தப்பட்ட எதுவும் மிம்பருக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல. இதில் தோற்றவருக்கும் மார்க்கம் சொல்லும் செய்தி இருக்கிறது, ஜெயித்தவருக்கும் இருக்கிறது. இரண்டையும் இன்று பார்ப்போம்.

தோற்றவர் சொன்ன ஹஸ்பியல்லாஹ்

அபூதாவூதில் அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் இருவருக்கிடையே ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு யாருக்கு எதிராக வந்ததோ அவர் திரும்பிப் போகும்போது, அல்லாஹ் எனக்குப் போதுமானவன், பொறுப்பேற்பவர்களில் அவனே சிறந்தவன் என்ற பொருள் கொண்ட திக்ரைச் சொல்லிக்கொண்டே போனார்.

எவ்வளவு உயர்ந்த வார்த்தை! இப்ராஹீம் (அலை) அவர்கள் நெருப்பில் எறியப்பட்டபோது சொன்ன வார்த்தை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் அந்த மனிதரைப் பாராட்டவில்லை. இயலாமையை அல்லாஹ் பழிக்கிறான் என்றும், நீர் சமயோசிதத்தோடும் விழிப்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும், அதற்குப் பிறகும் ஒரு காரியம் உம்மை மீறிப் போனால் அப்போது அந்த வார்த்தையைச் சொல்லும் என்றும் அவருக்கு உணர்த்தினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! ஆதாரத்தைத் தேடாமல், சாட்சியை நிறுத்தாமல், செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியில் தவக்குலை முன்னே நிறுத்துவதை நபியவர்கள் ஏற்கவில்லை. முயற்சி முடிகிற இடத்தில்தான் தவக்குல் சொல்லப்பட வேண்டும். முயற்சிக்குப் பதிலாக அதைச் சொல்லக் கூடாது.

நம்மில் பலர் தீர்ப்பைக் கேட்ட அன்று "எல்லாம் அல்லாஹ் நாட்டம்" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நாட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் மேல் நீதிமன்றம் என்று ஒரு வாசல் திறந்திருப்பதும் அவன் நாட்டம்தானே! திறந்திருக்கும் வாசலைத் தட்டாமல் இருந்துவிட்டு, அது மூடிய பிறகு கத்ரைக் காரணம் காட்டலாமா?

மேல்முறையீடு மார்க்கத்திற்குப் புதிதல்ல

ஒரு தீர்ப்பு வந்த பிறகு அதை இன்னொருவரிடம் கொண்டுபோவது பிடிவாதம், வம்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் பிரபலமான சம்பவம். இரண்டு பெண்கள். ஒரு குழந்தையை ஓநாய் தூக்கிப் போய்விட்டது. மிஞ்சிய குழந்தை யாருடையது என்று தகராறு. தாவூத் (அலை) அவர்களிடம் போனார்கள். அவர்கள் மூத்தவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். வெளியே வந்தவர்கள் சுலைமான் (அலை) அவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னார்கள். கத்தியைக் கொண்டு வாருங்கள், குழந்தையை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி தருகிறேன் என்றார்கள் சுலைமான் (அலை). இளையவள் துடித்துப்போய், வேண்டாம், அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்றாள். அந்தத் துடிப்பே அவள்தான் தாய் என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. குழந்தை இளையவளுக்குக் கிடைத்தது.

இந்த ஹதீஸைப் பதிவு செய்த இமாம் நஸாஈ (ரஹ்) அவர்கள், தனக்குச் சமமானவர் அல்லது தன்னைவிட உயர்ந்தவர் அளித்த தீர்ப்பை ஒரு நீதிபதி மாற்றுவது என்ற கருத்தில் அதற்கு ஒரு தலைப்பே கொடுத்திருக்கிறார்கள். நபி ஒருவர் அளித்த தீர்ப்பையே இன்னொரு நபியிடம் கொண்டுபோனார்கள். தாவூத் (அலை) அவர்களின் கண்ணியம் அதனால் குறையவில்லை. இருவருக்கும் ஞானம் வழங்கியதாகவே அல்லாஹ் அல்அன்பியா சூராவில் சிறப்பிக்கிறான்.

யமனில் நடந்த ஒரு வழக்கும் முஸ்னத் அஹ்மதில் வருகிறது. சிங்கத்தைப் பிடிக்க வெட்டிய குழியில் ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் விழுந்து இறந்துபோனார்கள். அலீ (ரலி) அவர்கள் நஷ்டஈட்டைப் பிரித்துத் தீர்ப்பளித்தார்கள். அதில் திருப்தி இல்லாவிட்டால் நபி (ஸல்) அவர்களிடம் போகலாம் என்று வழியும் சொன்னார்கள். அவர்கள் போனார்கள், நபியவர்கள் அலீ (ரலி) அவர்களின் தீர்ப்பையே உறுதி செய்தார்கள்.

ஆகவே, நம் பக்கம் ஹக் இருக்கிறது என்று உண்மையாக நம்பினால் மேல்முறையீடு செய்வது தவறல்ல. நம் பக்கம் ஹக் இல்லை என்று மனசாட்சிக்குத் தெரிந்தும், எதிராளியை இழுத்தடிப்பதற்காகவே அப்பீல் போடுவதுதான் தவறு. அது அநியாயம்.

தவணையும் மார்க்கத்திற்குப் புதிதல்ல

"ஹக் என்றால் எப்போது கேட்டாலும் ஹக்தானே, நாள் கணக்கு எதற்கு?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி.

உமர் (ரலி) அவர்கள் தம் நீதிபதியான அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதம் இஸ்லாமிய நீதித்துறையின் அடித்தளம். இமாம் தாரகுத்னீயும் பைஹகீயும் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் நூலில் அதற்கு நீண்ட விளக்கமே எழுதினார்கள். அந்தக் கடிதத்தில் இரண்டு செய்திகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று: நேற்று நீர் அளித்த தீர்ப்பு தவறு என்று இன்று தெரிந்தால், உண்மைக்குத் திரும்புவதை அது தடுக்க வேண்டாம்; ஏனெனில் ஹக் பழமையானது, எதுவும் அதை ரத்து செய்யாது. இரண்டு: கைவசம் இல்லாத ஆதாரம் ஒன்று தன்னிடம் உண்டு என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஒரு தவணை கொடும், அதற்குள் கொண்டு வந்தால் அவர் ஹக்கைக் கொடும், இல்லாவிட்டால் வழக்கை முடித்துவிடும்.

பாருங்கள்! ஹக் பழமையானது என்று சொன்ன அதே உமர் (ரலி) தான் தவணையும் வைக்கிறார்கள். ஏன்? எதிர்த்தரப்பில் நிற்பவனும் மனிதன். அவன் தலைக்கு மேல் வழக்கு என்ற கத்தியை ஆயுள் முழுக்கத் தொங்கவிடக் கூடாது.

ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு ஷுஃப்ஆ சட்டம் தெரியும். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி தன் பங்கை அந்நியருக்கு விற்றால், மற்றப் பங்காளிக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு. ஆனால் செய்தி தெரிந்த உடனே அவர் கேட்க வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் அந்த உரிமை விழுந்துவிடும். வியாபாரத்தில் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களுக்கு மூன்று நாள் தவணை கொடுக்கப்பட்டது. ஈலாவுக்கு நான்கு மாதம். தொழுகைக்கு வக்து. மார்க்கமே நம்மைக் கெடுவுக்குப் பழக்கியிருக்கிறது.

உஸ்மானியப் பேரரசின் மஜல்லா சட்டத் தொகுப்பில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பொதுவாக 15 வருடம் காரணமில்லாமல் கேட்காமல் விட்ட வழக்கை நீதிமன்றம் விசாரிக்காது என்று 1660-வது விதி. காலம் கடந்துவிட்டது என்பதால் ஹக் விழுந்துவிடாது என்று 1674-வது விதி. எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் வந்து, "ஆம், இது அவருக்குரியதுதான்" என்று ஒப்புக்கொண்டால் காலக்கெடு பார்க்கப்படாது என்றும் அதே விதி சொல்கிறது.

அதாவது தவணை முடிந்தால் நீதிமன்றத்தின் காதுதான் மூடுகிறது. ஹக் சாகவில்லை. இன்றைய உரையின் சாரம் இதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் எத்தனை நாள்?

அன்பானவர்களே! இதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, உரிமையியல் வழக்கில் கீழ் நீதிமன்றம் அளித்த தீர்ப்பாணையை எதிர்த்து மாவட்ட அளவிலுள்ள மேல் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால் கவனம் தேவை: அப்பீல் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகிறது, ஆனால் 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள்தான் கொடுக்கிறது. நாம் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பாகிவிட்டால், அதே நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

நாள் எப்போது தொடங்குகிறது? தீர்ப்பாணையின் தேதியிலிருந்து. வக்கீல் போன் செய்த நாளிலிருந்து அல்ல. மகன் துபாயிலிருந்து லீவில் வந்த நாளிலிருந்தும் அல்ல.

இதில் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, அது தயாராவதற்கு ஆகும் நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஜூன் 3 தீர்ப்பு. ஜூன் 5 நகல் மனு. 25-ஆம் தேதி நகல் தயார் என்றால், இடைப்பட்ட நாட்கள் நம் தவணையைத் தின்னாது. ஆனால் நாம் மனுவே போடாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் கழியாது. ஜூலை 20-ல் போய் நகல் கேட்டால் தவணை ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆகவே தீர்ப்பு வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளே நகல் மனு. கடைசி நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

இன்னொரு தவறான எண்ணம்: அப்பீல் போட்டுவிட்டால் தீர்ப்பு தானாக நின்றுவிடும் என்பது. நிற்காது. தடையாணைக்குத் தனியாக மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அப்பீல் ஒரு பக்கம் நடக்கும், மறு பக்கம் அமீனா வீட்டு வாசலில் நிற்பார்.

சமாதானமாகப் போவதே சிறந்தது என்று குர்ஆன் (4:128) நமக்குக் கற்றுத் தருகிறது. லோக் அதாலத் அதற்கு நல்ல வழி. ஆனால் அங்கே கையெழுத்தாகும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. ஆகவே, எழுதியிருப்பதை முழுமையாகப் படித்துக் கேட்டு, மனப்பூர்வமாகச் சம்மதித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

"காசில்லை, அதனால் விட்டுவிட்டோம்" என்பவர்கள் பலர். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. குழந்தைகளுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஒரு விதவைச் சகோதரிக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுத்து, ஒரு நாள் துணைக்குப் போய் வருவதும் பெரும் நன்மை.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்"

தவணை தவறுவதற்குச் சட்டம் தெரியாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நாளை என்ற சொல்.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். தபூக் யுத்தத்துக்கு நபி (ஸல்) அவர்கள் புறப்படுகிறார்கள். கஅப் (ரலி) அவர்களிடம் அன்று வசதிக்குக் குறைவில்லை. வாகனமும் இருந்தது. காலையில் பயண ஏற்பாட்டுக்காகப் போவார்கள். ஒன்றும் முடிக்காமல் திரும்புவார்கள். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று மனம் சொல்லும். இப்படியே ஒவ்வொரு நாளும். படை புறப்பட்டுவிட்டது. ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. படை எட்டாத தூரம் போய்விட்டது.

இதை அவர்களே தம் வாயால் விவரிக்கிறார்கள். புகாரியில் நீண்ட ஹதீஸாக இருக்கிறது. அவர்களிடம் நயவஞ்சகம் இல்லை, இயலாமையும் இல்லை. முடியும் என்ற நினைப்புதான் அவர்களைத் தாமதிக்க வைத்தது.

நம் வீடுகளில் நடப்பதும் இதுதான். மூத்த காக்காதான் கேஸைப் பார்க்கிறார் என்று தம்பிகள் இருப்பார்கள். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று காக்கா இருப்பார். கட்சிக்காரர் வந்து சொல்லட்டும் என்று வக்கீல் இருப்பார். லாத்தாவிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேஸ் கட்டு பீரோவின் மேல் இருக்கும். தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

பிறருடைய பங்கும் சேர்ந்திருக்கும் வழக்கை ஒருவர் பொறுப்பெடுத்தால் அது அமானிதம். தன் பங்கை ஒருவர் அலட்சியத்தால் இழந்தால் அது அவர் நஷ்டம். எத்தீமுடைய பங்கையும் விதவையுடைய பங்கையும் தன் அலட்சியத்தால் இழக்க வைத்தால், நாளை மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு.

தவணை தவறிவிட்டால்

சரி, தவறிவிட்டது. இனி என்ன?

கதவு முழுவதும் பூட்டப்படவில்லை. காலவரம்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, போதுமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னித்து அப்பீலை ஏற்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அப்பீலுடன் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும், காரணத்தை விளக்கும் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும்.

1998-ல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 883 நாள் தாமதம். வக்கீலை நம்பி ஏமாந்தவர் சொன்ன காரணம் உண்மையென்று கண்டு, உச்ச நீதிமன்றம் மன்னித்தது. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கொடுக்கும்படியும் சொன்னது. எத்தனை நாள் தாமதம் என்பதைவிடக் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. 2012-ல் மத்திய அரசின் அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக வந்து, கோப்பு மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது என்றது. உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. அரசாங்கத்துக்கே இப்படி என்றால், நாம் அலட்சியத்தோடு போய் நின்றால் என்ன ஆகும்?

இந்த இடத்தில்தான் ஈமானுக்குச் சோதனை. உண்மையான காரணம் இல்லாதவரிடம், "ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, மஞ்சள் காமாலைன்னு போட்டுடலாம்" என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுங்கள்!

பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லும்போது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் எழுந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். அவர்கள் நிறுத்திவிடக் கூடாதா என்று ஸஹாபாக்கள் நினைக்கும் அளவுக்குச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்).

மீண்டும் கஅப் (ரலி) அவர்களிடம் வாருங்கள். தபூக்கிலிருந்து நபியவர்கள் திரும்பியதும் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து சாக்குப்போக்குச் சொன்னார்கள், சத்தியம் செய்தார்கள். நபியவர்கள் வெளிப்படையை ஏற்றுக்கொண்டு, உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டார்கள். கஅப் (ரலி) பேச்சாற்றல் மிக்க கவிஞர். நினைத்திருந்தால் அழகான காரணம் ஒன்றைக் கட்டியிருக்கலாம். தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்று உண்மையைச் சொன்னார்கள். 50 நாள் யாரும் பேசவில்லை. பூமி விசாலமாக இருந்தும் நெருக்கடியாகிப்போனது. பிறகு அவர்களையும் இரு தோழர்களையும் மன்னித்ததாகக் குர்ஆன் வசனமே (9:118) இறங்கியது. சாக்குச் சொன்னவர்களின் நிலை என்ன ஆனது என்பதையும் அதே அத்தவ்பா சூரா சொல்கிறது.

உண்மையான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். ஏற்கப்பட்டால் அல்ஹம்து லில்லாஹ். ஏற்கப்படாவிட்டால் சொத்து போகலாம், ஈமான் போகாது. எல்லா முயற்சியும் செய்த பிறகு, இப்படிச் செய்திருந்தால், அப்படிச் செய்திருந்தால் என்று புலம்பாதீர்கள். அந்த "இருந்தால்" ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (முஸ்லிம்). இப்போது சொல்லுங்கள் ஹஸ்பியல்லாஹ். இதுதான் அந்த வார்த்தைக்கு உரிய இடம்.

ஜெயித்தவரே, உங்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை தோற்றவரிடம் பேசினோம். இப்போது ஜெயித்தவரிடம்.

எதிராளி அப்பீல் நாளைத் தவறவிட்டுவிட்டார் என்று தெரிந்ததும் சிலர் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறார்கள். உங்கள் ஹக்குதான் உங்களுக்குக் கிடைத்தது என்றால் சந்தோஷப்படுங்கள். ஆனால் அது அவருடைய ஹக் என்று உங்கள் உள்ளத்துக்குத் தெரியுமானால்?

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நானும் மனிதன்தான் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உங்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உள்ளவராக இருக்கலாம். கேட்டதை வைத்து நான் அவருக்குத் தீர்ப்பளிக்கலாம். ஆனால் தன் சகோதரனுடைய ஹக்கை அப்படி நான் யாருக்காவது கொடுத்துவிட்டால், நெருப்பின் ஒரு துண்டைத்தான் வெட்டிக் கொடுக்கிறேன் என்ற கருத்தில் எச்சரித்தார்கள்.

அல்லாஹு அக்பர்! ரசூலுல்லாஹ்வின் தீர்ப்பே ஒருவருடைய சொத்தை மற்றவருக்கு ஹலாலாக்காது என்றால், முன்சீப் கோர்ட் தீர்ப்பு ஆக்குமா? எதிராளி 30 நாளைத் தவறவிட்டது ஆக்குமா? ஆதாரமில்லாமல் சொத்தை உரிமை கொண்டாடும் வழக்கில், தீர்ப்பு வெளிப்படையில் செல்லுமே தவிர அல்லாஹ்விடத்தில் ஹராமை ஹலாலாக்காது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபின் இமாம்களும் ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

தங்கைக்குப் பங்கு உண்டு என்று அண்ணனுக்குத் தெரியும். அத்தா வாயால் சொன்னதும் தெரியும். ஆதாரம் இல்லாததால் தங்கை தோற்றாள். பிள்ளையின் ஆபரேஷனுக்கு அலைந்துகொண்டிருந்ததால் அப்பீல் தேதியைத் தவறவிட்டாள். அண்ணன் ஜெயித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் தொழுகிறார், நோன்பு திறக்கிறார். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவர் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாகப் போடப்படும் என்ற ஹதீஸை (புகாரி, முஸ்லிம்) அவர் எந்த மனதோடு கேட்பார்?

அதே உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸுக்கு அபூதாவூதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. பழைய வாரிசுச் சொத்துக்காக இருவர் வந்தார்கள். இருவரிடமும் சாட்சி இல்லை. நெருப்புத் துண்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் இருவரும் அழுதுவிட்டார்கள். "என் ஹக் உமக்கே" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அப்படியானால் நியாயத்தை நாடிப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள்.

இன்றும் அது முடியும். தீர்ப்பு கையில் இருக்கும்போதே தங்கையைக் கூப்பிட்டு, "இது உன் பங்கு, வா, எழுதிக் கொடுக்கிறேன்" என்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

முதவல்லிகளும் நிர்வாகிகளும் கவனிக்க

வக்ஃப் சொத்து வழக்குகளில் இந்தக் கவனம் பல மடங்கு தேவை. 1995-ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தில், வக்ஃபின் அசையாச் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்று 107-ஆவது பிரிவு பாதுகாப்புக் கொடுத்திருந்தது. 2025-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை மாற்றி, காலவரம்புச் சட்டம் பொருந்தும் என்று ஆக்கிவிட்டது. வக்ஃப் தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல அதே திருத்தத்தில் 90 நாள் வரம்பு இருக்கிறது.

ஆகவே முன்னோர்கள் அல்லாஹ்வுக்காக விட்டுப்போன சொத்தின் வழக்கில் இனி அசட்டைக்கு இடமில்லை. முதவல்லி அமானிதக்காரர். வரம்பு மீறாமலும் அலட்சியம் செய்யாமலும் இருக்கும் வரைதான் நஷ்டத்துக்கு அவர் பொறுப்பல்ல என்று ஃபிக்ஹ் சொல்கிறது. பழைய நிர்வாகம் மாறி, புதிய நிர்வாகம் வந்து, கேஸ் கட்டு கைமாறாமல் தவணை போய்விட்டது என்பது அல்லாஹ்விடம் சொல்லக்கூடிய காரணமா?

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு வழக்கு நோட்டு வையுங்கள். வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா, தீர்ப்புத் தேதி, நகல் மனுப் போட்ட தேதி, அப்பீலுக்குக் கடைசி நாள். ஒருவர் மட்டும் வைத்திருக்காமல் இரண்டு பேராவது வைத்திருங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடனைத் தவணையோடு எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனம்தானே! சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்பதும் அதே வசனத்தின் போதனை.

யாருக்கும் நீட்டிக்கப்படாத தவணை

அன்பானவர்களே! தோற்றவருக்கு 30 நாள், 90 நாள் என்று தவணை. ஜெயித்தவருக்குத் தவணை கிடையாது என்று நினைக்க வேண்டாம். பிறர் ஹக்கை வைத்திருப்பவருக்கும் தவணை உண்டு. அது தொண்டைக்குழிக்கு உயிர் வரும் வரை. அந்தத் தேதி எந்த நோட்டிலும் எழுதப்பட்டிருக்காது.

இங்கே தாமதத்தை மன்னிக்க ஒரு 5-ஆவது பிரிவு இருக்கிறது. அங்கே, இறைவா, சிறிது காலம் தாமதிக்க மாட்டாயா, தர்மம் செய்து நல்லவனாகிவிடுவேனே என்று மனிதன் கெஞ்சுவான் என்றும், தவணை வந்துவிட்டால் எந்த உயிருக்கும் அல்லாஹ் தாமதம் கொடுப்பதில்லை என்றும் முனாஃபிகூன் சூராவின் கடைசி வசனங்கள் எச்சரிக்கின்றன. தன் சகோதரனுக்கு அநியாயம் செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருவதற்கு முன் இன்றே அவரிடம் ஹலால் பெற்றுக்கொள்ளட்டும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (புகாரி). அங்கே நஷ்டஈடு தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் எடுக்கப்படும்.

வழக்கில் தோற்றிருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் தீர்ப்புத் தேதியைப் பாருங்கள். நாள் மிச்சமிருந்தால் திங்கட்கிழமைக்குள் வக்கீலைப் பாருங்கள். ஜெயித்திருப்பவர்கள் இன்று இரவு தனியாக உட்கார்ந்து, வென்றது நம் ஹக்குதானா என்று உள்ளத்தைக் கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால், திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் ஹக்குகளை விழிப்போடு பாதுகாக்கும் ஆற்றலைத் தா! பிறர் ஹக் ஒரு சாண் அளவும் எங்களிடம் தங்காமல் காப்பாற்று! பொய்ச் சத்தியத்தை விட்டும், அலட்சியத்தை விட்டும் எங்களைக் காப்பாயாக! சொத்துத் தகராறால் பிரிந்து கிடக்கும் குடும்பங்களை ஒன்று சேர்ப்பாயாக! எங்கள் முன்னோர்களின் வக்ஃப் சொத்துகளைப் பாதுகாப்பாயாக! யாருடைய கடனும் யாருடைய பங்கும் கழுத்தில் இல்லாத நிலையில் உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.